கோட்டையைப் பார்த்தால் போதுமா? கணக்கையும் பாருங்கள்!

சென்ற கோடையில் நம் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளிகள் நாற்பது பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பஸ் பிடித்தார்கள். மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்புவதென்று ஏற்பாடு. பாலைக்காரர்களோடு காட்டு வேலைக்குப் போகும் அவர்களுடைய உறவுக்காரர்களும் ஏறினார்கள். புளிச்சோற்று மூட்டையோடு நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவர் கிடைத்தார். கெட்டிக்காரர், தொண்டை வற்றப் பேசினார். 1799 மே 4-ந் தேதி திப்பு சுல்தானின் உடல் கிடந்த இடம் இது. பெய்லி துரையைப் பூட்டி வைத்த பாதாளச் சிறை இது. தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டியிருப்பது 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கும்பினிப் பட்டாளத்தை நொறுக்கிய சண்டை. யானை எத்தனை, பீரங்கி எத்தனை, யார் யாரை வெட்டினார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, ரிங் ஃபிரேமில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் கேட்டார்: "ஏங்க, எங்க தர்மபுரியை வெள்ளைக்காரன் கிட்ட எழுதிக் குடுத்தது இந்த ஊர்லதான்னு எங்க சங்கத்துல சொன்னாங்களே, அது எந்த இடம்?"

வழிகாட்டி திகைத்துவிட்டார். "தர்மபுரியா? அது உங்க தமிழ்நாட்டுல இல்ல இருக்குது, அம்மா!" என்றார். சிரிப்பு எழுந்தது. பஸ் அடுத்த இடத்துக்குப் புறப்பட்டுவிட்டது.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. அந்த அம்மாள் கேட்டது வீண் கேள்வி அல்ல. 1792 மார்ச் 18-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான், காரன்வாலிஸ் துரையின் பட்டாளம் நகரை வளைத்துக் கொண்டிருந்த நிலையில், திப்பு சுல்தான் உடன்படிக்கை செய்துகொண்டார். பாதி ராஜ்யம் போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். பணம் தீரும்வரை பிணையாகத் தம் பிள்ளைகள் இருவரை ஒப்படைத்தார். பிணையாகப் போன அந்தச் சிறுவர்களைப் பற்றி வெள்ளைக்காரன் படம் படமாக எழுதித் தள்ளியிருக்கிறான். காரன்வாலிஸ் துரை தகப்பன்போல அணைத்துக்கொண்டாராம்! ஆனால் அதே காகிதத்தில் மலபாரோடும் குடகோடும் திண்டுக்கல்லோடும் சேர்த்துக் கைமாறியது நம்முடைய பாராமகால். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதுதான். ஓசூர்ப் பக்கம் மட்டும் 1799 வரை பாக்கி நின்றது. லட்சக்கணக்கான குடியானவர்களையும் பண்ணையாட்களையும், மாட்டை விற்பதுபோலக் கயிறு மாற்றிக் கொடுத்த இடம் அது. அந்த இடத்தைப் பற்றி வழிகாட்டிக்கும் தெரியவில்லை, போன நமக்கும் தெரியவில்லை.

இங்கே ஒரு தோழர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "கூலி உயர்வு பேசவே நேரம் போதவில்லை. உழைக்கிறவனுக்குச் சரித்திரம் எதற்கு? கோட்டை பார்ப்பதும் புத்தகம் புரட்டுவதும் வயிறு நிறைந்தவன் வேலை" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. இன்று சரித்திரப் பிரயாணம் என்று நடப்பதும், வெள்ளைக்காரன் காலத்தைப் பற்றி அழகான அட்டை போட்டு விற்பதும் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்குத்தான். துரைமார் பங்களா எவ்வளவு குளிர்ச்சி, துரைசானி என்ன பூச்செடி வைத்தாள் என்ற கதைகள்! ஆனால் மற்றப் பாதி தவறு. அந்தப் புத்தகங்களை நாம் படிக்காமல் விடுவதால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான். ஏனென்றால் அந்தப் புத்தகங்களுக்குள் நம் கணக்குக் கிடக்கிறது.

எப்படி என்று பார்ப்போம்.

பாராமகால் கைக்கு வந்தவுடன் கும்பினி அதைச் சிவில் உத்தியோகஸ்தர்களிடம் கொடுக்கவில்லை. அவர்களுக்கு இந்த நாட்டு பாஷை தெரியாது, பணம் பண்ணத்தான் தெரியும் என்று காரன்வாலிஸே நினைத்தார். அலெக்ஸாண்டர் ரீட் என்ற பட்டாளத்துக்காரரை அதிகாரியாகப் போட்டார்கள். அவருக்கு உதவியாக மூன்று பேர்: மெக்லியோட், கிரஹாம், தாமஸ் மன்றோ. இந்த மன்றோ 1792 முதல் 1799 வரை ஏழு வருஷம் இந்தப் பாராமகாலில், தர்மபுரியை இருப்பிடமாகக் கொண்டு வேலை பார்த்தவர். ஊர் ஊராகக் குதிரையில் போய், நிலத்தை அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, ஒவ்வொரு குடியானவனோடும் நேருக்கு நேர் வரி பேசினார்கள். ரயத்துவாரி என்று சொல்கிறோமே, பட்டா, கிஸ்தி, ஜமாபந்தி என்று இன்று வரை நம்மை ஆட்டி வைக்கிற முறை, அது நடை பழகியது நம் ஊர்ப் புழுதியில்தான். ராஜதானி முழுவதற்கும் போன சங்கதி இங்கிருந்து போனது.

மன்றோவைப் பற்றி மூன்று பாகங்களில் கிளெய்க் என்ற பாதிரியார் 1830-ல் ஜீவிய சரித்திரம் எழுதினார். மன்றோ நல்லவர், ஏழை பங்காளர், குடியானவன் நிழலில் உட்கார்ந்து பேசியவர் என்பதுதான் அதன் சாரம். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைக்கும் அளவுக்கு அவருக்குப் புகழ். சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில் அங்கவடி இல்லாத குதிரையில் இன்றும் உட்கார்ந்திருக்கிறார். அவர் கெட்டவர் என்று நிரூபிக்க நான் பேனா எடுக்கவில்லை. மற்றத் துரைகளை விட அவர் மேல் என்றே வைத்துக்கொள்வோம். நமக்கு அதில் என்ன? நல்ல மேஸ்திரியா கெட்ட மேஸ்திரியா என்பதல்ல, கூலி எவ்வளவு என்பதுதானே ஆலையில் நம் கேள்வி!

அந்தக் கணக்கை மன்றோவே எழுதி வைத்திருக்கிறார். பாராமகாலை விட்டுப் போன பிறகு அவர் ராயலசீமை ஜில்லாக்களுக்குக் கலெக்டரானார். 1807-ல் தம் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய அறிக்கையில், நிலத்தின் மேல் போட்டிருக்கும் வரி மொத்த விளைச்சலில் 100-க்கு 45 பங்கு ஆகிறது, இதில் நாலில் ஒரு பாகத்தைக் குறைத்து மூன்றில் ஒரு பங்காக ஆக்க வேண்டும் என்று கேட்டார். கவனியுங்கள்: லாபத்தில் 45 அல்ல, களத்து மேட்டில் குவிந்த மொத்த விளைச்சலில் 45! விதை, மாடு, கூலி, குடும்பச் சாப்பாடு எல்லாம் மிச்சம் 55-க்குள். கும்பினி என்ன செய்தது? யுத்தச் செலவு இருக்கிறது, முடியாது என்றது. மன்றோ 1820-ல் கவர்னராக வந்த பிறகுதான் அந்தக் குறைப்பு நடந்தது. அதற்குள் எத்தனை ஏர் அவிழ்ந்ததோ! "ஏழை பங்காளர்" கேட்ட சலுகையே மூன்றில் ஒரு பங்கு வரி என்றால், சலுகை கேட்காத துரைகளின் யோக்கியதை என்ன என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

நம் ஜில்லாவில் வேறொரு கூத்தும் நடந்தது. ரீட் போன பிறகு, ஒவ்வொரு குடியானவனோடும் பேசுவது தொல்லை என்று 1802-க்குப் பின் கிராமங்களை மிட்டா மிட்டாவாகக் கட்டி ஏலம் விட்டார்கள். மிட்டாதார் என்ற வார்த்தையைக் கேட்டால் நம் வயசாளிகள் முகம் சுளிக்கிறார்களே, அதன் மூலம் இதுதான். கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் திரும்பிச் சர்க்காரிடமே வந்தன. மிச்சம் 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை நம் தலையில் உட்கார்ந்திருந்தது.

சரி, 45 பங்கு வரியை எப்படி வசூலித்தார்கள்? இங்கேதான் இன்னொரு புத்தகம் வருகிறது. சென்னை ராஜதானியில் வரி வசூலுக்குச் சித்திரவதை நடக்கிறது என்று லண்டன் பார்லிமெண்டில் கூச்சல் எழுந்ததால் 1854-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. ஆம், நடக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த இங்கிலீஷ் அறிக்கையில் இரண்டு தமிழ் வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது இரண்டு கட்டைக்கு நடுவில் விரல்களை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்பது தலையையும் காலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைப்பது. கிஸ்தி பாக்கிக்காக இது! ஆனால் கமிஷன் கடைசியில் எழுதிய தீர்ப்பு என்ன தெரியுமா? இதெல்லாம் கீழ்ப்பட்ட சுதேசி உத்தியோகஸ்தர்கள் செய்கிற அக்கிரமம், வெள்ளைத் துரைமார் மேல் குற்றமில்லை என்பது. வரியை ஏற்றியவன் குற்றமற்றவன், கயிற்றைக் கட்டிய சேவகன் குற்றவாளி! ஆலையில் வேலைப் பளுவை ஏற்றிவிட்டு, "சூபர்வைசர் முரட்டு ஆள், நாங்கள் என்ன செய்வோம்" என்று நிர்வாகம் கையை விரிப்பதை நாம் பார்த்ததில்லையா?

1857-ல் சிப்பாய்கள் எழுந்தபோது, இந்தியர்கள் கொடூரர்கள் என்று லண்டன் பத்திரிகைகள் ஓலமிட்டன. அப்போது காரல் மார்க்ஸ் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் செப்டம்பர் மாதம் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கையில் எடுத்த ஆயுதம் எது? வெள்ளைக்கார சர்க்காரே அச்சடித்த இதே சென்னைச் சித்திரவதைக் கமிஷன் அறிக்கைதான். எதிரியின் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகவே வைத்தார். வெள்ளையன் எழுதிய சரித்திரத்தை நாம் படிக்க வேண்டிய விதம் இதுதான். சேலம் ஜில்லா மானுவல் என்று லெஃபானு 1883-ல் எழுதியதும், ரிச்சர்ட்ஸ் 1918-ல் எழுதிய கெஜட்டியரும், சர்க்கார் அச்சுக்கூடம் வெளியிட்ட பாராமகால் ரிக்கார்டுகளும் நம்மை மகிழ்விக்க எழுதியவை அல்ல. துரைக்குத் துரை எழுதிய குறிப்புகள். அதனாலேயே வரி, விளைச்சல், மழை, மாடு என்ற விஷயங்களில் பெரும்பாலும் மறைக்காமல் எழுதினார்கள்.

இனி நமக்கே கொஞ்சம் கசக்கும் விஷயம். நிலமற்ற கூலிகளை உண்டாக்கியவன் வெள்ளைக்காரன்தான், அதற்கு முன் எல்லோருக்கும் காணி இருந்தது என்று நம் மேடைகளில் பலர் பேசுவதுண்டு. 1952-ல் சுரேந்திர படேல் எழுதிய புத்தகத்தின் கருத்தும் ஏறக்குறைய இதுதான். 1965-ல் தர்மா குமார் என்ற அம்மையார் தென்னிந்தியாவில் நிலமும் ஜாதியும் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் நம் கருத்துக்காரர் அல்ல; வெள்ளை ஆட்சியின்பால் அவருக்குக் கனிவு கொஞ்சம் அதிகம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அவர் ஒன்றை ஆதாரத்தோடு காட்டிவிட்டார்: கும்பினி வருவதற்கு முன்பே, 1800-ஐ ஒட்டிய காலத்திலேயே, தமிழ்நாட்டில் ஜனத்தொகையில் 100-க்கு 10 முதல் 15 பேர் ஜாதியின் பேரால் நிலமில்லாமல் பண்ணையில் கட்டுண்டு கிடந்தார்கள். இதை ஏற்க நமக்குத் தயக்கம் எதற்கு? திப்புவின் ஆட்சியிலும், அதற்கு முன்னும், சேற்றில் இறங்கியவனுக்குச் சேறுதான் கிடைத்தது. வெள்ளைக்காரன் செய்த துரோகம் வேறு வகை. மண்ணைத் தரம் பிரித்து, மரத்தைக்கூட எண்ணிப் பட்டா எழுதியபோது, உழுதவனுடைய பெயரை அவன் எழுதவில்லை. யார் வரி கட்டுவானோ அவன் பெயரை எழுதினான். நேற்று வரை வழக்கமாக இருந்த அநியாயம் அன்று முதல் சட்டமாகிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 1891-ல் செங்கற்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் தம் ஜில்லாப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892-ல் சர்க்கார் உத்தரவு வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. அந்தப் பஞ்சமி நிலம் எங்கே போயிற்று? பழைய கட்டுகளை யாரும் புரட்டாத வரைக்கும் பிறர் கையில் நிம்மதியாக இருந்தது. புரட்டினார்கள், நிலத்தைக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10-ந் தேதி செங்கற்பட்டு ஜில்லா காரணையில் நடந்த பஞ்சமி நிலப் போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் மாண்டார்கள். நூறு வருஷம் பழைய வெள்ளைக்காரன் காகிதத்துக்கு இவ்வளவு உயிர் இருக்கிறது. அதைப் படித்தவன் மேல் குண்டு பாய்கிறதென்றால், அது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்காக எப்படி இருக்க முடியும்?

பஞ்சத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம். 1877 ஜனவரி 1-ந் தேதி டில்லியில் விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினி என்று லிட்டன் துரை தர்பார் கூட்டி முரசறைந்தான். அதே மாதங்களில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி சென்னைக்கு வந்து, நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அளவைக் குறைத்தான். அரைக் கிலோவுக்கும் குறைவு! சர்க்காரின் சுகாதார அதிகாரி கார்னிஷே இது சாவுக்கு வழி என்று ஆட்சேபித்தார். டிக்பி என்ற வெள்ளைப் பத்திரிகைக்காரர் 1878-ல் இதையெல்லாம் இரண்டு பாகமாக எழுதி வைத்தார். தர்மபுரி அடங்கிய அன்றைய சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871 கணக்கில் 19 லட்சத்துக்கு மேல். 1881 கணக்கில் 16 லட்சம். குறைந்த அந்த மூன்றரை லட்சத்துக்கு நம் ஜில்லாவில் எந்தக் கோட்டையிலும் கல்வெட்டு கிடையாது.

(பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர உதவும் என்று 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சின்ன ரயில் விட்டார்கள், 1913-ல் ஓசூர் வரை நீண்டது. 1941-ல் யுத்தத்தைச் சொல்லித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். மொரப்பூர்ப் பாதைக்கு மறுபடி அடிக்கல் நாட்ட 2019 ஆயிற்று. கும்பினி கொடுத்த ரயில் என்று புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துப் புகழட்டும்.)

இத்தனையும் சொன்னதால், பிரயாணமே வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள் என்கிறேனா? இல்லை. கண்ணால் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மலை மேல் ஏறிப் பாருங்கள், மூச்சு வாங்கும். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற தளபதி அந்த மேல்கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார் என்று புத்தகத்தில் ஒரு வரியில் படித்தால் ஒன்றும் தோன்றாது. அந்தப் பாறையில் ஏறி நின்றால், அவ்வளவு உயரத்துக்குக் கல்லும் தண்ணீரும் சுமந்தவன் யார் என்ற கேள்வி தானாக வரும். சண்டையில் விழாத அந்தக் கோட்டை, நாலு மாதம் கழித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காகிதத்தில் விழுந்தது!

கோட்டை மட்டும்தானா சரித்திர ஸ்தலம்? நம் பாப்பாரப்பட்டிக்கு எத்தனை பேர் போயிருக்கிறோம்? 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம். வெள்ளை முதலாளியின் ஆலை. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளிகள் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. நம் வாரச் சம்பள வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒன்று அது. உடனே மார்ச் 12-ல் இருவரையும் பிடித்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். சிறையில் சிவாவைக் குஷ்டம் பிடித்தது. நோயாளி என்று ரயிலில் ஏற்ற மறுத்தார்கள். ஊர் ஊராகக் கால்நடையாகவே நடந்தார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, 1925 ஜூலை 23-ந் தேதி அங்கேயே கண்ணை மூடினார். 1908 எழுச்சியைப் பற்றி ஆ.இரா.வேங்கடாசலபதி தமிழில் எழுதிய புத்தகத்துக்கு 2024-ல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்திருக்கிறது. தலைவர்களோடு நில்லாமல் தெருவில் இறங்கிய சாதாரண ஜனங்களையும் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார். ஒவ்வொரு ஆலைச் சங்கத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. லெஃபானுவும் கிளெய்க்கும் எழுதியவை இன்று கைப்பேசியிலேயே காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் எல்லாம் இங்கிலீஷ். நம் ஜில்லாவைப் பற்றி நம் பாஷையில் படிக்க வழியில்லை. தர்மபுரி 1965-ல் தனி ஜில்லா ஆயிற்று; கிருஷ்ணகிரி 2004-ல் பிரிந்தது. அலுவலகக் கட்டடங்களும் பெயர்ப் பலகைகளும் வந்துவிட்டன. ஆனால் நம் கையில் எட்டணாப் பிரசுரம் போல, மலிவாக, பாராமகால் கணக்கைத் தமிழில் சொல்லும் ஒரு சிறு நூல் இல்லை. இதைச் சர்க்கார் நூலகத் துறையிடம் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே நாமும் வேலையைத் தொடங்க வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அத்தியாயம் எடுத்துக்கொண்டால் ஒரு வருஷ வேலை.

அடுத்த பிரயாணத்துக்குப் பஸ் பேசியாகிவிட்டது. காலையில் கிருஷ்ணகிரி மலை, மத்தியானம் பாப்பாரப்பட்டி, மாலையில் அரூர் தாலுகா வாச்சாத்தி. அங்கே கோட்டை கிடையாது; ஓர் ஆலமரம் இருக்கிறது. 1992 ஜூன் 20-ந் தேதி வனத்துறையும் போலீசும் ரெவின்யூவும் சேர்ந்து அந்த ஊர்ப் பழங்குடி மக்களை இழுத்து வந்து நிறுத்திய மரம். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆயிற்று. சென்னை ஐகோர்ட் அதை 2023-ல் உறுதி செய்தது. காட்டைச் சர்க்கார் சொத்தாக்கி, காட்டில் வாழ்ந்தவனைத் திருடனாக்கிய சட்டம் 1882-ல் வந்தது. ஆலமரத்தடியில் அதைப் பற்றிப் பேச ஒரு தோழரை ஏற்பாடு செய்திருக்கிறோம்.

மன்றோவின் 1807 கணக்கைப் பஸ்ஸில் படித்துச் சொல்லும் பொறுப்பை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கேள்வி கேட்ட அந்த ரிங் ஃபிரேம் அம்மாளே ஏற்றுக்கொண்டார். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரவில் உட்கார்ந்து தமிழாக்கிக் கொடுக்கிறாளாம். "45 மூட்டைன்னா அப்ப ஒரு மூட்டை எத்தனை படின்னு போட்டிருக்கா?" என்று போன வாரம் என்னிடம் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன்.